சாம்பலாகிப் போன ஆரஞ்சுப் பாம்பு

குயிலாப்பாளையத்தில் ஆரஞ்சாக இருந்த பாம்பு, மரக்காணத்துக்கு வந்ததும் எப்படிச் சாம்பலாகும்?

ஐந்து நாட்களாக அசோகனுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒயரிங் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில், ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஆசையாகக் கொடுத்த குட்டி அது. கார்ன் ஸ்னேக். விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு, பென்சில் கனம்தான் இருக்கும். துணிப்பையில் கட்டி எடுத்துவந்தான். "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று அம்மா வாசலிலேயே நின்றுகொண்டதால், தான் வேலை செய்யும் உப்பளத்துக் கொட்டகையில், துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குடிவைத்தான். திறந்து பார்த்தால்... சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள்!

நிறம் மங்கினால் நோய், சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். இன்று வெள்ளி. கையில் சுற்றிக்கொண்டு தூங்கும் அந்தக் குட்டியை விட அவனுக்கு மனசே இல்லை.

2005 ஆகஸ்ட் மாதத்து வெயிலை நம்பி உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களின் தலையில் திடீரென்று மழை இறங்கியது. குவியல்களை மூடிவிட்டு அசோகன் கொட்டகைக்குள் ஓடிவந்தபோது, அங்கே ஒரு பெண் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். காலடியில் உப்புத் தண்ணீர் நிரப்பிய நான்கு பாட்டில்கள்.

"சாரிங்க... மழை நின்னதும் போயிடுறேன். திண்டிவனம் காலேஜ்ல ஜுவாலஜி படிக்கிறேன். இந்தத் தண்ணியில பொடி இறால் இருக்குதுல்ல, ப்ராஜெக்டுக்கு அது வேணும். பேரு சகாயசெல்வி."

"நில்லுங்க, பரவால்ல. ஆனா அந்த டப்பாவ மட்டும்..."

திறந்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. கண்கள் மட்டும் அகல விரிந்தன... மழைக்கு நடுவே இரண்டு விளக்குகளை ஏற்றியதுபோல. அசோகனின் மனசு சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

"கார்ன் ஸ்னேக்கா! படத்துலதான் பார்த்திருக்கேன்."

அவன் தன் கவலையைக் கொட்டினான். அவள் குட்டியின் கண்ணை உற்றுப் பார்த்தாள். "தோல் உரிக்கப் போறப்போ நிறம் மங்கும். ஆனா அப்போ கண்ணு பால் மாதிரி ஆயிடும். இதுக்குத் தெளிவா இருக்குது. நோயும் தெரியல. இதோட தோல்ல கறுப்புச் சாயம் தனி, செவப்புச் சாயம் தனிங்க. செவப்பு இல்லாம பொறந்தா இப்படித்தான் சாம்பலா இருக்கும். இது அந்த வகை."

"இல்லங்க, நான் ஆரஞ்சாத்தான் பார்த்தேன்."

"சரியா பார்த்திருக்க மாட்டீங்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா? உங்க தலையில கனகாம்பரம் வாடிக் கெடக்குது, அத பார்க்கத் தெரிஞ்ச கண்ணுதாங்க இது!"

"வாடிடுச்சா? பஸ் ஸ்டாண்டுல இப்பதான் வாங்கி வெச்சேன்!" அவள் முகம் சிவுக்கென்று சுருங்கியது. "பாம்பும் பார்க்கத் தெரியல, பூவும் பார்க்கத் தெரியல!"

பாட்டில்களை அள்ளிக்கொண்டு, நிற்காத தூறலில் விறுவிறுவென்று வரப்பில் நடந்தாள்.

பக்கத்துக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்த உப்பளக்காரர் பக்கிரி சிரித்தார். "ஏம்பா அசோகா, பாம்ப காட்டி பொண்ணு பார்த்தது நீ ஒருத்தன்தான்பா!"

அசோகனின் காதில் விழவில்லை. வெளியே வந்து அவள் போவதையே பார்த்தான். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, அவள் பின்னலில் கனகாம்பரம் ஆரஞ்சாக எரிந்தது. ஒரு பூகூட வாடவில்லை!

நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தான். கூரையும் பக்கங்களும் புது நீலத் தார்ப்பாய்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஏங்க... ஒரு நிமிஷம்! பூ வாடல. நான் சொன்னது தப்பு. இங்க திறந்து பாருங்க!"

முறைத்தபடியே மூடியைத் திறந்தாள். மழை வெளிச்சத்தில் குட்டி தலையைத் தூக்கியது. வெளிர் ஆரஞ்சு உடம்பு, செங்கல் சிவப்புத் திட்டுகள்... கண்மணிகூட மாணிக்கச் சிவப்பு.

அவள் உதட்டைக் கடித்தாள். "நானும் தப்பாத்தான் சொல்லிட்டேன். இதுக்குச் செவப்பு இருக்குது. கறுப்புதான் பொட்டுகூட இல்ல. கறுப்பே இல்லாத வகை... அதான் கண்ணும் செவப்பு. ஆரோக்கியமா இருக்குது. திருப்பிக் கொடுக்காதீங்க."

"கொடுக்கல." அவன் மூச்சு வாங்கினான். "ஆனா பாம்புக்காக மட்டும் ஓடிவரலீங்க. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனது தாங்கல. உங்கள எனக்குப் புடிச்சிருக்குது."

தூறல் அவள் இமையில் நின்றது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாத்து அரை மணி நேரம்கூட ஆகல..."

"ஆமாங்க."

"எனக்கும்தான்... அதான் அவ்வளவு கோவம் வந்துச்சு." குனிந்து சிரித்தாள். "அடுத்த வெள்ளிக்கிழமையும் தண்ணி எடுக்க வருவேன். அதுக்குள்ள ஒரு வேலை செய்யுங்க."

"என்ன?"

"நீலத் தார்ப்பாய் நீல வெளிச்சத்தத்தான் உள்ள விடும். ஆரஞ்சு வெளிச்சம் உள்ள வராதப்போ ஆரஞ்சு எப்படித் தெரியும்? சாம்பலாத்தான் தெரியும். அத பிரிச்சிட்டுக் கீத்து போடுங்க."