தினமும் ஒன்றரைக்குப் பேசும் பிணம்

டிங்!

ஜெயசித்ராவின் மடியில் கிடந்த செல்போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. பிணவறைக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச். மணி சரியாகப் பகல் ஒன்றரை.

எடுத்துப் பார்த்தாள்.

'சாப்பிட்டாச்சு சித்ரா. வர லேட்டாகும். நீ சாப்பிடு. இப்படிக்கு ஜோயல்.'

ஜோயல் அவள் கணவன்.

உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில், கால் கட்டைவிரலில் நம்பர் கட்டிப் படுத்திருப்பவனும் அவன்தான்!

அவள் அலறவில்லை. மயங்கி விழவும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு பூராவும் பரவிவிட்ட மாதிரி மரத்துப் போயிருந்தாள். நேற்று மாலை பிணத்தை அடையாளம் காட்டியபோதும் அப்படித்தான்.

"என்னம்மா மெசேஜ்?"

எதிரே வந்து நின்றார் இன்ஸ்பெக்டர் சாதிக் பாட்சா. கேஸை விசாரிப்பவர். இருபத்தெட்டு வருட சர்வீஸ், அதற்கேற்ற தொப்பை.

போனை நீட்டினாள்.

படித்தார். திரும்பப் படித்தார். பிணவறைக் கதவைப் பார்த்தார்.

"இது... நேத்து வந்த மெசேஜ்தானே?"

"நேத்தும் இதே வந்துச்சு சார். இதே ஒன்றரைக்கு. இது இன்னைக்கு வந்தது."

"செத்தவன் எப்படிம்மா மெசேஜ் அனுப்புவான்?"

"அனுப்ப மாட்டாரு. அப்ப நேத்து அனுப்புனதும் அவருதான்னு என்ன சார் நிச்சயம்?"

சாதிக் பாட்சாவுக்குச் சுருக்கென்றது. கேஸே அந்த ஒரு மெசேஜில்தான் நின்றுகொண்டிருந்தது!

நேற்று மாலை ஐந்து மணிக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழியில் ஜோயலின் உடல் மிதந்தது. கரையில் அவன் பைக். காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் எப்போது வேண்டுமானாலும் செத்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்றரைக்கு மனைவிக்கு மெசேஜ் போட்டிருக்கிறான், ஆகவே அதற்குப் பிறகுதான் செத்தான் என்றது போலீஸ்.

ஒன்றரைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனது யார்?

ஜெபின்! ஜெயசித்ராவின் தம்பி. இருபத்தாறு வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். போன வாரம் ராஜபாளையத்தில் நடுரோட்டில் ஜோயலின் சட்டையைப் பிடித்து உலுக்கியவன். இரண்டு மணி வாக்கில் ஆலங்குளம் ரோட்டில் அவன் வண்டியைப் பார்த்ததாக ஆள் இருந்தது. மாலை ஆறுக்கே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"எந்தம்பிய விட்டுருங்க சார்" என்றாள் ஜெயசித்ரா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் உயிர் இருந்தது. ஜெபினுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா வேலைக்குப் போக, அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

"நேத்தே கேக்க விட்டுப்போச்சு. இது ஜோயலோட நம்பர் இல்லியே?"

"ஆபீஸ் நம்பர். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா அவிய போனத் தொட மாட்டாக. லேப்டாப்ப எங்க வச்சுத் தொறந்தாலும் அதுலருந்துதான் எனக்கும் அனுப்புவாக."

"ஆபீசுக்குப் போவமா?"

எழுந்தாள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஜீப்பில் ஏறினாள்.

* * *

ராஜபாளையம். பேண்டேஜ் துணிக்கடைக்கு மேலே மாடி. 'மருந்துமணி' என்று போர்டு.

கம்பெனியில் மூன்றே பேர். ஜோயல், அவன் பார்ட்னர் தவசிமுத்து, ஜெயசித்ரா. ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷன்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. சுற்றுவட்டார கிளினிக்குகளின் நோயாளிகளுக்கு 'மாத்திரை போடுங்கள்' என்று நேரந்தவறாமல் ஞாபகப்படுத்தும். அதன் முக்கால்வாசியை எழுதியவள் ஜெயசித்ரா.

தவசிமுத்து அழுது வீங்கிய கண்களோடு எழுந்து நின்றான்.

"அக்கா... சாப்பிட்டீகளா?"

ஜெயசித்ரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விரல்கள் கீ போர்டில் தாமாகவே ஓடின.

"இங்க பாருங்க சார். பேக்ரவுண்ட் ஜாப்னு சொல்லுவோம். அலாரம் வச்ச மாதிரி. நாம உறங்குனாலும் சர்வர் சொன்ன நேரத்துக்கு சொன்ன வேலையச் செய்யும்."

திரையில் ஒரு நீளப் பட்டியல். காலை மாத்திரை. மதிய மாத்திரை. சுகர் ஊசி. செட்டியார்பட்டி கிளினிக் டோக்கன்.

கடைசி வரியில் விரல் நின்றது.

பெறுபவர் ஒரே ஒரு நம்பர். அவளுடைய நம்பர்!

"இந்தப் பூஜ்யம், எட்டு, பொறவு மூணு நட்சத்திரம்... என்னம்மா இது?"

"எட்டு மணி, பூஜ்யம் நிமிஷம். நட்சத்திரம்னா தினமும்னு அர்த்தம்."

"ஒன்றரைக்குல்ல வந்துச்சு?"

"சர்வர் கிரீன்விச் நேரத்துல ஓடுது சார். நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. அங்க எட்டுன்னா இங்க ஒன்றரை."

"யாரு போட்டது?"

ஜெயசித்ரா ஒரு பொத்தானைத் தட்டினாள். திங்கட்கிழமை மாலை, அதாவது கொலைக்கு முந்தின நாள். பக்கத்திலேயே பெயர்.

தவசிமுத்து!

கூட வந்த கான்ஸ்டபிளின் கை பார்ட்னரின் தோளில் விழுந்தது.

"சார்! சத்தியமா நான் இல்ல சார்!"

"ஏலே, காலையிலயே ஆளத் தள்ளிட்டு, ஒன்றரைக்கு உசுரோட இருந்தான்னு காட்ட மெசேஜா? ஆமா, ஒரு நாள் அனுப்பாம எதுக்குத் தினமும்னு போட்ட?"

"அது எங்க ஆபீஸ் பழக்கம் சார்" என்றாள் ஜெயசித்ரா, திரையைப் பார்த்தபடியே. "ஒரு தடவ அனுப்ப வேண்டியதையும் தினசரிப் பட்டியல்லதான் போடுவோம். போனதும் கையால அழிச்சுருவோம்."

"அழிக்க மறந்துட்டானாக்கும்!"

"மறக்கல சார், போடவே இல்ல!" தவசிமுத்து கத்தினான். "என் பாஸ்வேர்ட அந்தா மானிட்டர்லயே ஒட்டி வச்சிருக்கேன். டீ கொண்டாறவருக்குக்கூடத் தெரியும்!"

"நல்ல சாக்கு."

"செத்த நேரம் இருங்க சார்... எட்டு மணின்னா போட்டிருக்கு?"

எட்டிப் பார்த்தான். அழுத முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்தது.

"நானா எட்டுன்னு போட்டேன்? என் ஆயுசுல அந்த அஞ்சரை மணிக் கணக்க நான் சரியாப் போட்டதே கிடையாது சார்! காலையில ஆறுக்குப் போகவேண்டிய பொங்கல் வாழ்த்து பதினொன்றரைக்குப் போச்சு. கிளினிக்காரவுக சிரியா சிரிச்சாக. ஒன்றரைன்னா நான் ஒன்றரைன்னேதான் அடிச்சிருப்பேன். மெசேஜ் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்திருக்கும்... பிணம் கிடைச்ச பொறவு!"

கான்ஸ்டபிளின் கை தளர்ந்தது.

"அப்ப இந்த ஆபீஸ்ல யாருதான்லே அத சரியாப் போடுவா?"

"ஜோயல் அண்ணனே கேட்டுத்தான் போடுவாரு. நாங்க போடுற எல்லாத்தையும் உக்காந்து திருத்துறது..."

நிறுத்திவிட்டான். சிரிப்பு போய்விட்டது.

மூன்று ஜோடிக் கண்கள் ஜெயசித்ராவின் முதுகில் நிலைத்தன.

"நேத்து ஒன்றரைக்கு நீங்க கிளினிக்ல பன்னெண்டு நர்சுகளுக்குப் பாடம் எடுத்துட்டிருந்தீக. அது தெரியும்" என்றார் சாதிக் பாட்சா மெதுவாக. "காலையில பத்து மணிக்கு எங்கம்மா இருந்தீக?"

அவள் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"சொன்னா ஜெபின விட்டுருவீகளா?"

"மொதல்ல சொல்லுங்க."

"அவர்கூட இருந்தேன். அந்தக் குழிக்கிட்ட."

"அக்கா!" என்றான் தவசிமுத்து.

"எங்கம்மா ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல தனியா இருந்துச்சு சார். வலிப்புக்கு மாத்திரை. போன்ல டிங்னு சத்தம் வந்தாத்தான் போடும், இல்லன்னா மறந்துரும். மொதமொதல்ல அதுக்காகத்தான் இதையே எழுதுனேன். போன ஆடியில தேரோட்டச் சமயம்... நாலு நாளு மெசேஜ் போகல. அஞ்சாம் நாளு அம்மா போயிருச்சு."

இதையெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பது போலச் சொன்னாள்.

"நீ எழுதுன புரோகிராம் கோடுல தப்பு, நீதான் உங்கம்மாவக் கொன்னன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக. எட்டு மாசமா அதத்தான் நம்பிக்கிட்டுக் கிடந்தேன். போன வாரம் ரோட்டுல நாலு பேரு முன்னாலயும் அதையே சொன்னாக. அதான் ஜெபின் சட்டையப் பிடிச்சான். அன்னைக்குத்தான் சர்வர்ல யாரு என்ன செஞ்சாகன்னு பதிவாகுற பழைய லாக எடுத்துப் பார்த்தேன் சார்."

"என்ன இருந்துச்சு?"

"என் கோடுல தப்பே இல்ல. நாங்க லாட்ஜுகளுக்கு நடத்துற ரூம் புக்கிங்கும் இதே சர்வர்லதான் ஓடுது. தேருக்குக் கூட்டம் முட்டுதுன்னு அவியதான் நாலு நாளைக்கு அம்மாவோட மாத்திரை ஜாப நிறுத்தி வச்சிருக்காக. தெரிஞ்சே எம்மேல பழியப் போட்டிருக்காக."

"அதுக்காக..."

"கேட்டா மன்னிப்புக் கேப்பாகன்னு நினைச்சேன். குழிக்கிட்ட பைக்க நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். 'கிழவி எப்படியும் போகவேண்டியதுதானே'ன்னு சொல்லிட்டுத் தண்ணியப் பார்த்துத் திரும்புனாக. என் கை அவிய முதுகுல பட்டுச்சு. அவியளுக்கு நீச்சல் தெரியாது. பொறவு நடந்து வந்து பஸ் ஏறிட்டேன்."

"முந்தின நாளே மெசேஜ ரெடி பண்ணிட்டுத்தானே மன்னிப்ப எதிர்பார்த்தீக?"

அவள் திரையில் இருந்த அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள்.

"என்னை ஏன்க்கா இழுத்துவிட்ட?" தவசிமுத்து கேட்டான்.

"யாரும் பார்க்க மாட்டாகன்னுதான் உன் பேருல போட்டேன் தவசி. நேத்து சாயங்காலமே அழிச்சிருப்பேன். லேப்டாப்பத் தொறந்து உக்காந்தேன்... ஜெபினப் பிடிச்சுட்டாகன்னு போன் வந்துச்சு."

இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"அந்த மெசேஜாலதான் என் தம்பி மாட்டுனான். அது இன்னொரு நாளும் வந்தாத்தானே பொய்னு உங்களுக்குத் தெரியும். அதான் அழிக்காம விட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவன எப்ப விடுவீக?"

சாதிக் பாட்சா தொப்பியைக் கழற்றினார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"விட்டாச்சும்மா."

"என்ன?"

"பன்னெண்டு மணிக்கே விட்டாச்சு. நேத்து ஒன்னேகால்ல இருந்து நாலரை வரைக்கும் ஆலங்குளம் ரோட்டு எடைமேடையில லோடோட வரிசையில நின்னுருக்கான். கேமராவுல முழுசா இருக்கு. அவன் போன் இன்னும் ஸ்டேஷன்ல கிடக்கு, அதான் உங்களக் கூப்பிடல. வீட்ல படுத்து உறங்குதான்."

ஜெயசித்ரா திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டிலிருந்து மெசேஜ் வந்த ஒன்றரை வரை, ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஒரே ஒரு வரியை அழித்திருந்தால் போதும். தம்பியும் வெளியே, அவளும் வெளியே!

எட்டு மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் முதல்முறையாக வலித்தது. மேஜையில் கவிழ்ந்தாள். அம்மா செத்ததற்கு, புருஷன் செத்ததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓவென்று அழுதாள்.

அழுது முடிக்கட்டும் என்று சாதிக் பாட்சா காத்திருந்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"நல்ல சேதியாச்சே, நேர்ல போய்ச் சொல்லுவோம்னு பிரியாணி சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்... பேசாம நானும் ஒரு மெசேஜ் போட்டிருந்தா, நீங்க தப்பிச்சிருப்பீகம்மா!"