சதைக்குக் கொடுத்த வாக்கு

சமையல் மேடையில் தராசின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டீல் தட்டு, அதன் கீழே பச்சை எண்கள். யாரும் தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு. மனைவி வேலைக்குப் போய் வெகு நேரமாகியிருந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மதியத் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க வந்த லாரி அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. அப்புறம்தான் வலது கை விரல்கள் பிசுபிசுவென்று இருப்பதைக் கவனித்தான். முகர்ந்து பார்த்தான். பச்சைக் கோழியின் வாடை அடித்தது.

லாரி என்பது ஜிம்மில் வைத்த பெயர். பின்னால் வருகிறவனுக்கு வழியே தெரியாது, அப்படி ஒரு முதுகு என்று கிண்டலுக்கு வைத்தது. அவனுக்கு அதில் பெருமை வேறு. காலையில் கிடங்கு வேலை, மதியம் தூக்கம், சாயங்காலம் ஜிம். ஆணழகன் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் புதிதாகத் திறக்கிற கிளைக்கு அவன்தான் பயிற்சியாளர் என்று ஜிம் மாஸ்டர் ஆசை காட்டியிருந்தார். இதுதான் கடைசி, அப்புறம் சதை வளர்க்கிற ஊசியைத் தொடவே மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். போன போட்டிக்கும் இதையேதான் சொன்னான்.

ஊசி ஆரம்பித்த நாளில் மாஸ்டர் ஒரு பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். அந்த ஜிம்மில் எல்லோரும் செய்வதுதான். வெளியாள் யாராவது பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைத்து ஓடியிருப்பான். எடையைத் தூக்கும்போது அந்தந்தச் சதையைப் பார்த்துப் பேச வேண்டும்.

"சும்மா தூக்காதடா. அதுகிட்ட பேசு. நீ வளரு, நான் சாப்பாடு போடுறேன்னு சொல்லு. மனசார சொல்லணும், பொய்யா சொன்னா அதுக்குத் தெரிஞ்சிடும்."

லாரி மனசாரத்தான் சொன்னான். வளரு, போடுறேன். வளரு, போடுறேன். சோறும் முட்டையும் கோழியுமாகப் போடவும் செய்தான். சதை சொன்ன பேச்சைக் கேட்டது. சட்டைகள் தோளில் கிழிந்தன, அவன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தான்.

இப்போது உடம்பை வற்றவைக்கும் காலம். சோறு போனது, உப்பு போனது, எண்ணெய் போனது, கடைசியில் தண்ணீரும் பாதியாகிப்போனது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஓட்டம். சாயங்காலம் எடையைக் குறைத்து, ஓய்வே இல்லாமல் பயிற்சி. ஊசி மட்டும் குறையவில்லை. கோழித் துண்டை விரலால் கிள்ளிப் பார்த்து, கொழுப்பில்லாததாகப் பொறுக்கி, தராசில் நிறுத்து, எடை சரியாக இருந்தால்தான் வாய்க்குப் போகும். இவ்வளவு பாடுபட்டதற்கு அவன் உரித்த கோழி மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனான்.

இடுப்புச் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கிள்ளிப் பார்ப்பதுதான் மாஸ்டரின் சோதனை. அன்று சாயங்காலம் கிள்ளியவர் விடாமல் திருகினார். திருட்டுத் தீனி தின்கிறாயா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அவன் சத்தியம் செய்தான். மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் உன் உடம்புதான் உனக்குத் தெரியாமல் தின்கிறது போல என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாரி சிரிக்கவில்லை. பிசுபிசுத்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அவமானத்தோடு மூலையில் போய் உட்கார்ந்து, இரும்பின் துரு வாடையும் பழைய வியர்வையும் ரப்பர் விரிப்பின் சூடும் ஒன்றாய் மூக்கில் ஏற, மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, கடைசிச் சுற்றை முடித்து டம்பெல்லைக் கீழே வைத்தான். கை தொங்கியது. புஜம் மட்டும் தோலுக்கு அடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, மென்று விழுங்கும் தாடையைப் போல. போதும் என்று அதனிடம் மெதுவாகச் சொன்னான். அது கேட்கவில்லை. இத்தனை நாள் பேசியதில் அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் அதனிடம் சொன்னதே இல்லை.

பயத்தைக் கோபமாக்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். குளிர்பெட்டியில் வைத்திருந்த பச்சைக் கோழி பாதிக்கு மேல் காணவில்லை. என் சாப்பாட்டில் ரகசியமாக எண்ணெய் ஊற்றுவதும் நீதான், கோழியை ஒளித்துவைப்பதும் நீதான், நான் ஜெயிப்பது உனக்குப் பொறுக்கவில்லை என்று மனைவியின் முகத்துக்கு நேராகக் கத்தினான். அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரை, ஜோடி ஜோடியாக, இரண்டு விரல் பதிந்த கன்றல்கள். பழையவை மஞ்சளாக, புதியவை கறுப்பாக.

"தூங்கும்போது நீங்கதான் கிள்ளறீங்க. மொதல்ல விளையாட்டுன்னு நெனச்சேன். கண்ணு மூடியே இருக்கும். ஒவ்வொரு எடமா கிள்ளிப் பாத்துட்டு கைய எடுத்துடுவீங்க."

கதவோரம் அவள் பை கட்டித் தயாராக இருப்பதை அப்போதுதான் பார்த்தான். அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். ஊசியை நிறுத்தினால் வருவாளாம். அவள் போவதைவிட, அவள் போன பிறகு இந்த உடம்போடு தனியாக இருக்க வேண்டுமே என்பதுதான் அவனைக் கொன்றது. மருந்துப் புட்டிகளை அவள் கண் முன்னாலேயே உடைத்துச் சாக்கடையில் கொட்டினான். நாளைக்கு லீவு போடுகிறேன், நீயும் போடு, நாளை ஒரு நாள் மட்டும் பக்கத்தில் இரு என்று குழந்தை மாதிரி அழுதான். நியாயமாக அவள் போயிருக்க வேண்டும். அழுகிறவனை விட்டுப் போகத் தெரியாதவள், இருந்துவிட்டாள். பையை மட்டும் பிரிக்கவில்லை.

அன்று இரவு அவன் கண்ணை மூடவே இல்லை. மறுநாள் மதியம் தூக்கத்தைத் தாங்க முடியவில்லை. எடை தூக்கும்போது மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் தடித்த பட்டையை எடுத்து, வலது கையைக் கட்டில் சட்டத்தோடு அவளையே கட்டச் சொன்னான். இறுக்கிக் கட்டினாள். பிறகு, இரவெல்லாம் அவனோடு விழித்திருந்த அவளும் அந்தப் பக்கம் சாய்ந்தாள். திரைச்சீலையைத் தாண்டி வெயில் பழுப்பாகக் கசிந்தது. குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டியது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவள் தலைமுடியில் சோப்பு மணந்தது. அதற்கு அடியில் இன்னொரு மணம், உப்பும் சூடுமாக. அது ஏன் தனக்கு இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தபடியே தூங்கிப்போனான்.

விழித்தபோது நின்றுகொண்டிருந்தான்.

மணிக்கட்டில் பட்டை தொங்கியது. அதன் நுனியில் பிய்ந்து வந்த மரத்துண்டு. எவ்வளவு இழுத்தாலும் அறாத பட்டை அது, அதற்காகவே வாங்கியது. மரம்தான் தோற்றிருந்தது.

கத்த நினைத்தான். நாக்கு அசையவில்லை. பின்னால் நகர நினைத்தான். கால் நகரவில்லை. எதுவும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

வலது கையில் தராசு.

கை அதைப் படுக்கையில் வைத்தது. பொத்தானை அழுத்தியது. பச்சை வெளிச்சம். பூஜ்யம். தினமும் அவன் செய்கிற அதே ஒழுங்கில், அதே அக்கறையோடு.

இடது கை அவள் கையைத் தூக்கியது. தட்டில் வைத்தது. மெதுவாக. இரண்டு விரல் முன்னங்கையைக் கிள்ளின. கொஞ்சம் மேலே. மறுபடியும். கொழுப்பில்லாத இடம் தேடி.

எச்சில் ஊறியது. அவன் வாயில்தான்.

ஓடிப் போ என்று உள்ளுக்குள் கதறினான். ஓடிப் போம்மா.

தட்டின் குளிர்ச்சி அவளை எழுப்பியது. பச்சை எண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள், காற்றாக.

வாய் திறந்தது. அவன் குரல்தான் வந்தது. அது அவளுக்குப் பதில் சொல்லவில்லை. குனிந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்த புஜத்திடம் மனசாரச் சொன்னது.

"போடுறேன்."

அவள் கை நடுங்க நடுங்கத் தட்டின் கீழே எண்கள் ஏறின, இறங்கின. அவன் விரல்கள் அதன் மேல் இறுகின. நடுக்கம் நின்றது. எண்ணும் நின்றது.