பாதியில் நின்ற சாப்பாடும் ஒரு செஞ்சால்மனும்

பாலத்தடியில் ஆர்லீன் கடையில் செஞ்சால்மன் பவுண்டு எட்டு டாலர். நாலு பவுண்டு மீனுக்கு முப்பத்திரண்டு. கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் முப்பதுக்குப் படியும். காணாமல் போன மீனும் நாலு பவுண்டுதான். ஆனால் மலை ஏரிக்குப் போகவேண்டிய வம்சத்தில் அந்த வருஷம் கடலிலிருந்து திரும்பிய ஒரே பெண்மீன் அது. மேலே, மீன்முட்டை பொரிக்கவைக்கும் பொரிப்பகத்தில் இரண்டு ஆண்மீன்கள் மாப்பிள்ளை முறுக்கோடு காத்திருந்தன. பெண் வராவிட்டால் கல்யாணம் மட்டும் நிற்காது. குலமே அதோடு சரி.

ஜூலை மாதம். பகல் 12:40. நரிப்பாறை அணைக்குக் கீழே, கொலம்பியா ஆற்றங்கரையில் நின்ற தொட்டி லாரியருகே ரோவீனா வீலர் வண்டியை நிறுத்தினாள். ஆற்றுப் பழங்குடிகளின் மீன்வளக் காவலர் அவள். பிறந்தது மீன் கடையில். பேரம் கேட்டுக் கேட்டே பெருக்கல் வாய்ப்பாடு கற்றவள்.

"பூட்டை வெட்டிட்டாங்க ரோவீனா," என்றார் கெர்ட் ஓல்சன். அணையைத் தாண்ட முடியாத மீன்களைத் தாண்ட வைப்பதுதான் அவருக்கு உத்தியோகம். பதினைந்து வருஷமாக அதே கவலை. முடி போய்விட்டது, கவலை போகவில்லை. "பதினொன்றரைக்கு அணையில மீன் ஏறுற ஏணிப் பொறியிலேருந்து எடுத்து நானே தொட்டியில விட்டேன். நானே பூட்டினேன். பொரிப்பகத்துல இருந்து போன் வரட்டும்னு ஆபீசுக்குப் போனேன்."

"ஏன், அது நீந்திப் போகாதா?"

"மேல இன்னும் மூணு அணை. தேங்கின தண்ணி எல்லாம் வெந்நீரா கிடக்கு. பாதி வழியிலேயே செத்துரும்."

"வண்டிக்குக் காவல் யாரு?"

"நான்தான்," என்றான் டிரைவர் டுவேன். ஆர்லீனின் தங்கை மகன். "பெரியம்மா கடையில சாப்பிடப் போனேன். அரை மணி நேரம். வந்து பாத்தா வெட்டின பூட்டு தொங்குது."

"என்ன சாப்பிட்ட?"

"மீனு, பொரிச்ச ரொட்டி, ஹக்கிள்பெரிப் பழம். தட்டை வழிச்சு நக்கிட்டேன்."

ரோவீனா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது. மீனைத் தண்ணீரோடு தூக்கும் கறுப்பு ரப்பர் பை இல்லை. பக்கத்தில் மாட்டியிருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை. கையை நனைத்து முகர்ந்தாள். நகரத்து நீச்சல்குளம் மாதிரி வீசியது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கெர்ட் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதுதான். ஆனா பாலத்தடியில பவுண்டு எட்டு டாலருக்குப் போவுது..."

"சொல்லக் கூடாதுன்னா சொல்லாதீங்க. வாங்க, அங்கேயே கேப்போம். டுவேன், நீயும் வா."

1:05. ஆர்லீன் ஒரு பெரிய வெள்ளை மீன்பெட்டியின்மேல், சிம்மாசனத்தில் அமர்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். விற்பனைக்கான மீன்கள் பலகையில் ஈரச்சாக்குக்கு அடியில் கிடந்தன.

"வா பொண்ணே. அவரு எதுக்கு? என் மீனை எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கவா?"

"உங்க மேல சந்தேகமாம் அத்தை."

"முப்பது டாலருக்காக நான் ஒரு குலத்தையே அழிப்பேனா? நாப்பதுன்னாலும் யோசிப்பேன்."

அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஆர்லீன் இடத்தைவிட்டு அசையவில்லை. "நீங்களே எடுத்துக்குங்க. காசை டப்பாவில போடுங்க," என்றாள். தராசில் விரல் வைக்கும் சுகத்தை எந்தக் கடைக்காரியும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து ரோவீனா பார்த்ததில்லை.

"ஐஸ் எங்க அத்தை?"

"வெயிலு. உருகிடுச்சு."

பலகைக்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது.

மேசையில் ஒரு தட்டு. மீனும் ரொட்டியும் ஹக்கிள்பெரியும் வைத்தபடியே இருந்தன. பக்கத்தில் குவளை, அதில் ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. ரோவீனா குவளையை எடுத்து முகர்ந்தாள். பிறகு சிரித்தாள்.

"கெர்ட், மீன் உயிரோட இருக்கு. எடுத்தவனும் இங்கதான் நிக்கிறான்."

டுவேன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"தின்னத் திருடுறவன் மீனை மட்டும் எடுப்பான்," என்றாள் ரோவீனா. "ஆக்சிஜன் எதுக்கு? ரப்பர் பை எதுக்கு? எடுத்தவனுக்கு அது சாகக் கூடாது. அப்ப நல்லா இருந்த தொட்டியிலேருந்து ஏன் எடுக்கணும்? தொட்டி நல்லா இல்ல. அதுல இருக்கிறது ஆத்துத் தண்ணி இல்ல, இந்தக் கடைக்கும் வர்ற பூங்காக் குழாய்த் தண்ணி. குவளையிலயும் அதே நாத்தம். மீனுக்குக் குளோரின் விஷம்."

கெர்ட்டின் முகம் வெளுத்தது.

"இந்தத் தட்டு யாருதுன்னு பாருங்க. எங்க வழக்கத்துல முதல்ல ஒரு வாய் தண்ணி, அப்புறம் சாப்பாடு, கடைசியில மறுபடி ஒரு வாய் தண்ணி. முதல் வாய் குடிச்சவன் சாப்பிடாம எந்திரிக்க மாட்டான். இவன் எந்திரிச்சிருக்கான். தட்டை நக்கினேன்னும் சொல்றான். குடிச்ச தண்ணியில எதையோ கண்டுபிடிச்சிருக்கான்."

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஆர்லீன். "இன்னிக்குத் தண்ணியில மருந்து நாத்தம், பூங்காக்காரன் அள்ளிக் கொட்டிட்டான் போலன்னேன். பிள்ளை அப்படியே எந்திரிச்சு ஓடுச்சு."

டுவேன் கெர்ட் பக்கம் திரும்பினான். "ஆத்து பம்பு ஓடல சார். காலையில அந்தக் குழாயிலதான் தொட்டிய ரொப்பினேன். குளோரினை முறிக்கிற பொடியைப் போட மறந்துட்டேன். சாவி உங்ககிட்ட. அதான் பூட்டை வெட்டினேன். போன மாசமே ஒரு தடவை எச்சரிக்கை குடுத்தீங்க. இதையும் சொன்னா வேலை போயிரும்னு..."

"அத்தை," என்றாள் ரோவீனா, "கொஞ்சம் எந்திரிங்க."

ஆர்லீன் எழுந்தாள். பெட்டிக்குள் ஆற்றுத் தண்ணீர். கட்டுப் பிரிக்காத ஐஸ் பைகள் மிதந்தன. ஐஸும் குழாய்த் தண்ணீர்தான் என்று பையைப் பிரிக்காமல் போட்டிருந்தாள். சிலிண்டர் குழாயிலிருந்து குமிழிகள். அவற்றின் நடுவே செவுள் மெல்லத் திறந்து மூட, அந்தப் பெண்மீன்.

கெர்ட் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆர்லீன், நான் உங்கள..."

"அதை அப்புறம் பேசலாம். உங்க தொட்டியக் காலி பண்ணுங்க. ஐஸு ரொம்ப நேரம் தாங்காது."

டுவேன் லாரியைக் கடையருகே கொண்டுவந்து தொட்டியைத் திறந்துவிட்டான். பாலத்தடியில் இருந்த மீனவர்கள் எல்லாரும் ஆற்றுத் தண்ணீர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். சந்தேகப்பட்டவர்தான் முதல் வாளியை வாங்கினார். மிச்சமிருந்த ஐஸ் பைகளும் தொட்டிக்குள் போயின. பெண்மீனை கெர்ட் தன் கையாலேயே பையில் ஏந்தி உள்ளே விட்டார். அது வாலை ஒரு அடி அடித்து அவர் சட்டையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை.

"டுவேன், மறந்தது தப்பு," என்றார். "அதை எழுதத்தான் செய்வேன். ஆனா பேசாம இருந்திருந்தா இந்நேரம் அது செத்திருக்கும். காப்பாத்தினதையும் எழுதுவேன். அந்தப் பொய் ஒண்ணுதான் வெட்டிச் செலவு. ஏறு, வண்டிய எடு. நானும் கூட வரேன்."

2:10. லாரி புறப்பட்டது. ஆர்லீன் தட்டை மூடி வைத்தாள்.

செப்டம்பரில் கெர்ட் கடைக்கு வந்தார். கூடவே டுவேன். அங்கே ரோவீனா ஏற்கெனவே பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கெர்ட் ஐம்பது டாலர் நோட்டை நீட்டி, "மீதி வேணாம், வெச்சுக்குங்க," என்றார்.

"ஐஸு பதினோரு பை, முப்பத்து மூணு. இவன் தின்னாம விட்ட சாப்பாடு பன்னெண்டு. நாப்பத்தஞ்சு. இந்தாங்க அஞ்சு. ஐஸுக்குத்தான் விலை. மீனுக்கு நான் காசு வாங்கல," என்றாள் ஆர்லீன்.

கெர்ட் அந்த ஐந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முட்டை ரெண்டாயிரத்து இருநூத்து நாப்பது," என்றார்.

டுவேனுக்குப் புதுத் தட்டு வந்தது. இம்முறை நிஜமாகவே வழித்து நக்கினான். பிறகு குவளையை எடுத்தான்.

வரவு: பெண்மீன் ஒன்று, முட்டை இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. செலவு: நாற்பத்தைந்து டாலர், வெட்டிய பூட்டு ஒன்று. ஜூலையிலிருந்து பாக்கி: கடைசி வாய்த் தண்ணீர். டுவேன் குடித்தான், கணக்கு நேர்.