எந்த நான்தான்?

பிரவுசரின் முகவரிப் பட்டையில் எப்போதும் இருக்கும் சின்னப் பூட்டுப் படத்தைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு முக்கோணம். திரையின் நடுவில் பெரிய எழுத்தில், ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல. இந்த முகவரியில் இருப்பதாகச் சொல்பவர் வேறு யாராவதாக இருக்கலாம்.’

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து ஊரார் கணினிகளில் இதே கோளாறைச் சரிசெய்து சரிசெய்து தொண்டை வறண்டுபோனவள். இப்போது அது வீடு தேடியே வந்துவிட்டது. அதுவும் மகளின் அறைக் கேமராவில்.

வாடிக்கையாளர் உதவி மையத்தில் வேலை. வீட்டிலிருந்தபடியே தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு ஐந்து வயது, நேற்றிலிருந்து காய்ச்சல். நடைவழியின் கோடியில் இருக்கும் அறையில் தூங்குகிறாள். கணவன் மருந்து வாங்கப் போயிருக்கிறான். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் பிற்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. அழைப்புகளுக்கு நடுவே பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொள்ளத்தான் பிரவுசரின் ஓரத்தில் அந்தக் கேமராவைத் திறந்து வைத்திருந்தாள்.

இந்தக் கோளாறை யாருக்கும் புரியும்படி சொல்ல அவளிடம் ஒரு வழி உண்டு. “கதவைத் தட்டுறவங்க ‘நான்தான்’னு சொன்னா உடனே திறந்துடுவீங்களா? நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ‘ஆமா, இவர் அவரேதான்’னு சொல்லணும் இல்லையா? அந்தச் சாட்சிதான் சார் சான்றிதழ். சாட்சி இல்லைன்னா உள்ளே போகாதீங்க.” வீட்டிலும் இதே கதைதான். கணவன் வெளியிலிருந்து தட்டுவான். “யாரு?” என்று கேட்டால், உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி “நான்தான்” என்பான். அம்மாவும் மகளும் சேர்ந்து கத்துவார்கள்: “எந்த நான்தான்?” ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் கதவு திறக்கும். ‘வெங்காய ராஜா.’ மகள் கண்டுபிடித்த வார்த்தை அது.

முதலில் கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாள். தேதி பிசகியிருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். அது சரியாகவே இருந்தது. பிரவுசரின் பழைய சேமிப்பையெல்லாம் துடைத்தாள். வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு செல்போன் இணையத்தில் முயன்றாள். வங்கி, செய்தித்தாள், அலுவலகம் என்று திறந்த தளங்கள் எல்லாவற்றிலும் பூட்டு சமத்தாக உட்கார்ந்திருந்தது. மகளின் அறையில் மட்டும் அதே சிவப்பு முக்கோணம்.

சரி, யார் கொடுத்த சான்றிதழ் என்று பார்ப்போம் என்று அதைத் திறந்தாள்.

யாருக்கு வழங்கப்பட்டது: அம்மா.

வழங்கியவர்: அம்மா.

தனக்குத் தானே சாட்சி. கைப்பேசியை எடுத்துக் கணவனை அழைத்தபோது அவள் குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது.

“கேமராவுல பேரை மாத்தி விளையாடுனீங்களா?”

“நானா? எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? ஆமா, மறுபடி ஏன் கூப்பிடுற? இப்பத்தானே காய்ச்சல் விட்டுருச்சு, மழை நின்னதும் மெதுவா வாங்கன்னு சொன்னே?”

“நான் கூப்பிடவே இல்லையே.”

“என்னடி விளையாடுற? ஏதோ புது நம்பர். யாருன்னு கேட்டேன். நான்தான்னு சிரிச்சே.”

மழைச் சத்தத்தில் லைன் அறுந்தது. வீட்டுக்குள் மின்விசிறி சுற்றும் கிறீச்சொலி, ஜன்னல் கம்பியில் சொட்டும் தண்ணீர், அவற்றுக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற, சீப்பு முடியில் இறங்குவது போன்ற ஒரு மெல்லிய சரசரப்பு. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் விரல் முந்திக்கொண்டது. எந்தப் பொத்தானை அழுத்தியதற்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாளோ, அதையே அழுத்தினாள். ‘ஆபத்தை ஏற்றுத் தொடர்க.’

படம் வந்தது.

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண், கேமராவுக்கு முதுகு காட்டி, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நீல நைட்டி. முதுகில் ஈரக் கூந்தல்.

நீல நைட்டி. தன்னுடையதுதான். உடம்பில் இருப்பதை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். ஒரு பெருமூச்சு வந்தது. இந்தக் கேமரா எப்போதும் சற்றுப் பின்தங்கித்தான் காட்டும், இன்று கூடுதலாகத் தேங்கிவிட்டது, குளித்துவிட்டுப் போய்ப் பிள்ளைக்குத் தைலம் தேய்த்தபோது எடுத்த படம் இது, அது நான்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனால் இன்று அவள் பிள்ளைக்குத் தலை வாரவே இல்லை.

திரையில் அந்தப் பெண் எழுந்தாள். கதவருகே போனாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நடைவழியின் கோடியில், அதே நொடியில், டக் என்றது.

அவள் ஓடினாள். கதவிடுக்கிலிருந்து தைல வாசனை. கூடவே, அவளுடைய சோப்பு வாசனை. தள்ளினாள். அசையவில்லை.

“கண்ணு! கதவைத் திற!”

உள்ளே மகளின் குரல் தாழ்ந்து கேட்டது. “அம்மா, யாரோ தட்டுறாங்க.”

“அம்மாதான்டா தட்டுறேன். திற!”

“ரகசிய வார்த்தை சொல்லுங்க.”

சொல்லுங்க. பேச வந்த நாள் முதல் அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள் அந்தப் பிள்ளை.

“வெங்காய ராஜா! வெங்காய ராஜா, கண்ணு!”

உள்ளே ஒரு கிசுகிசுப்பு. “அம்மா, சரியாத்தான் சொல்றாங்க.”

“இப்பத்தானே நான் உன் காதுல சொன்னேன்?” அவளுடைய குரலேதான். வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே பொறுமை. “வெளியில நின்னு கேட்டிருப்பாங்க. திறக்காதேடா தங்கம்.”

அவள் கதவில் நெற்றியை முட்டினாள். தான் அம்மா என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளை உள்ளே.

“எங்க அம்மா இங்கதான் இருக்காங்க,” என்றாள் மகள் சத்தமாக. அவளும் பயந்திருந்தாள். “நீங்க போயிடுங்க.”

வெளியே நின்றவள் திரும்பிப் பார்த்தாள். நடைவழியின் மறுமுனையில், மேஜை மேல் திரை ஒளிர்ந்தது. சிவப்பு இல்லை. பட்டையில் பூட்டு திரும்ப வந்திருந்தது. நன்றாக மூடிய பூட்டு. அதற்குக் கீழே அந்தப் பெண், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மெல்லக் கேமராவை நோக்கி முகத்தை உயர்த்தினாள்.

தன் முகமேதான்.

அதன் உதடுகள் அசைந்தன. கதவுக்கு அந்தப்பக்கம், கொஞ்சம் கேலியாக, கேட்டது.

“யாரு?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. பெயர், பிரசவ வலி, பிள்ளையின் முழங்கால் தழும்பு, எல்லாம். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைதான் வந்தது.

“நான்தான்.”

உள்ளே இரண்டு குரல்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டே கத்தின.

“எந்த நான்தான்?”