ஆரஞ்சு வயர்

அன்று காலையும் யாரோ அவள் காரின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஆரஞ்சு வயரைச் செருகி வைத்திருந்தார்கள்.

ரோவெனா வாசல் விளக்கின் கீழே நின்று அதையே பார்த்தாள். ஏழரை ஆகியும் விடியவில்லை. கனடாவின் வினிபெக்கில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டினால் ராத்திரி முழுக்கக் காரின் எஞ்சின் ஹீட்டரை மின்சாரத்தில் மாட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் வெறும் கல். இந்த வீட்டின் வெளிச்சுவரில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து கிளம்பிய ஆரஞ்சு வயர் முற்றத்தைத் தாண்டி, ஒரு கார் உயரத்துக்குக் குவிந்து கிடந்த பனிமேட்டுக்குள் போய் மறைந்தது.

மூன்று நாளாக இதே கதை. முதல் நாளே வீட்டுக்காரர் ஓரெஸ்டுக்குப் போன் செய்து அந்த மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள்.

“அதுவா? முன்ன குடியிருந்தவ சொல்லாமக்கொள்ளாம விட்டுட்டுப் போன காரும்மா. பனி உருகட்டும், இழுத்துட்டுப் போயிடறேன்.”

“வயர் சொருகியே இருக்கே, சார்?”

“யாரு சொருகப் போறா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே நான் கழட்டிட்டேனே.”

டெஸ்ஸி அக்காவிடம் சொன்னதற்குச் சிரித்தாள். இரண்டு மாதம் ரோவெனா படுத்துக் கிடந்தது அவள் வீட்டு சோபாவில்தான். “பதினோரு வீட்டுக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டுக் கதவைச் சாத்தினான். பன்னெண்டாவது ஆளு சாவியைக் குடுத்திருக்கான். பேயே இருந்தாலும் அனுசரிச்சுப் போடி. அதுக்கும் சேத்து ஒரு கை அரிசி போடு!”

அந்த சோபாவுக்குத் திரும்ப முடியாது. அக்கா புருஷன் தினமும் அதைத் தாண்டிப் போகும்போது விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருந்தது. வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு இரண்டு தடவை தாமதமாகப் போயாகிவிட்டது. மூன்றாவது தடவை வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். பஸ் நிறுத்தமோ நாற்பது நிமிட நடை. இந்தக் குளிரில் பத்து நிமிடத்தில் கன்னம் வெளுத்துச் செத்துவிடும்.

எரிச்சலில் ஆரஞ்சு வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மேட்டிலிருந்தும் உருவி எறிந்துவிட நினைத்து இழுத்தாள்.

வயர் வரவில்லை. சிக்கிக்கொண்டதுபோலவும் இல்லை. இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்கள் கையைப் பற்றிக்கொண்டு விடமாட்டார்களே, அந்தப் பிடி.

அப்போதுதான் மேட்டின் பக்கவாட்டில் அந்தத் துளையைப் பார்த்தாள். விரல் நுழையும் அளவு. அதன் விளிம்பில் மஞ்சளாக உறைபனி பூத்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. நின்றது. வந்தது.

வயரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். டக். மறுபடியும் டக். உள்ளே பழைய ரப்பரும் உறைந்த காப்பியும் நாறின. நேற்று உறைந்துபோய் முழுக்க ஏறாமல் விரலளவு திறந்தே நின்றுவிட்ட பக்கத்துக் கண்ணாடி வழியே குளிர் ஊசியாக இறங்கியது. மூச்சு பட்ட இடமெல்லாம் கண்ணாடி வெளுத்தது. போனை எடுத்தாள். குளிரில் அணைந்து போயிருந்தது.

கதவுக் கைப்பிடியை இழுத்தாள். தளர்ந்து ஆடியது. கதவு அசையவில்லை. மறுபக்கக் கதவும்.

பஸ் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினாள்.

பனிமேடு பிளந்திருந்தது. அங்கிருந்து சுவர்வரை காலடிகள். செருப்பில்லாத காலடிகள். ஐந்து விரல்களும் தெளிவாக.

“யாரு?”

காருக்கு அடியில் ஏதோ முனகியது. ம்ம்ம்ம். மெல்லிய, சீரான முனகல். அவளுக்குத் தெரிந்த சத்தம். எஞ்சின் ஹீட்டர்.

யாரோ அவள் வயரைச் செருகிவிட்டார்கள்.

பிறகு பனி விழுந்தது. வானத்திலிருந்து அல்ல. கை கையாக. முன்கண்ணாடியில். கூரையில். ஒவ்வொரு கைக்கும் பிறகு ஒரு தட்டல். மெதுவாக, பதமாக. இல்லத்துக் கிழவிகளுக்கு அவள் தினமும் போர்த்திவிட்டுத் தட்டிக்கொடுப்பதுபோல.

கத்தினாள். தட்டல் நிற்கவில்லை.

வாசல் விளக்கு மறைந்தது. இருட்டு. முனகல் மட்டும்.

கடைசியாக, பக்கத்துக் கண்ணாடியின் இடுக்கில் பனி அசைந்தது. நீலம் பாரித்த ஒரு விரல் உள்ளே நுழைந்தது. அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பிறகு வெளியே போனது, மூச்சு விட ஒரு துளையை விட்டுவிட்டு.