பச்சை ஸ்டிக்கர் எந்தச் சுவரில்?

செத்தவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது!

அவர் செத்துப்போய்விட்டார் என்பதுதான் அப்போது யாருக்கும் தெரியாது.

காலை எட்டு மணி. பழைய ஹோட்டல் ஒன்றைத் தோலை உரித்துப் புதுசாக்கிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு ஹாலில் பளிங்குத் தரையின் மேல் அட்டை விரித்திருந்தது. சோபாக்கள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. திறப்பு விழாவுக்கு ஒன்பதே நாள்.

"எங்க போய்த் தொலைஞ்சார் இந்த இன்ஜினியர்? ரிங் போகுது... எடுக்க மாட்டேங்கிறாரே!"

காதில் போனோடு அலுத்துக்கொண்டாள் ஸ்டிக்கர் அக்கா.

அந்தப் பேர் வந்தது அவள் உத்தியோகத்தால். வேலை முடிந்தது என்று சொன்ன அறைக்குள் போய்க் குறை கண்டுபிடிக்க வேண்டும். கீறல், வெடிப்பு, கோணல்... எங்கே கண்டாலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்! அதைச் சரிசெய்த மேஸ்திரி பக்கத்திலேயே ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். நூற்றி நாற்பது அறை. அவள் கண்ணுக்குத் தப்பியது கடவுளுக்கும் தப்பியது என்பார்கள். 'மாமியாராப் பொறந்திருக்க வேண்டியவ' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

ரிங் சத்தம் நிற்கவில்லை...

போனிலிருந்து இல்லை. வேறு எங்கிருந்தோ... மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னால்... கீழேயிருந்து!

"தம்பி... இங்க வாடா!"

லிஃப்ட் மெக்கானிக் ஓடி வந்தான். அவளுடைய சொந்தத் தம்பி. அவள் வீட்டிலேயே தங்கி, அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"என்னக்கா?"

"கதவைத் திற."

சாவியைப் போட்டு இழுத்தான். உள்ளே லிஃப்ட் இல்லை. இருட்டுக் குழி. டார்ச் அடித்தான்.

குழியின் அடியில் இன்ஜினியர் மல்லாந்து கிடந்தார். கழுத்து இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. சட்டைப் பையில் போன் வெளிச்சமாய்த் துடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ!"

அக்காவின் அலறலில் ஆறாவது மாடி வரைக்கும் வேலை நின்றது.

---

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பத்தே காலுக்குத் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்!

"சார், இது அநியாயம்!"

"எதும்மா அநியாயம்? நேத்து சாயங்காலம் முப்பது பேர் முன்னாடி இன்ஜினியர் இவனைத் திட்டியிருக்கார். பதிலுக்கு இவன் என்ன சொன்னான்? 'ஒருநாள் இந்தக் குழியிலேயே தள்ளி விடுறேன் பாருங்க'ன்னான். இன்னிக்குக் குழியில கிடக்கிறார். கதவைத் திறக்கிற சாவி இவன் பையில. இன்னும் என்ன வேணும்? கொலைகாரன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?"

"வாய்தான் சார் அவனுக்கு. குரைக்கிற நாய் சார் அது... கடிக்காது!"

ஜீப்புக்குள்ளிருந்து தம்பியின் குரல் உடைந்து வந்தது. "அக்கா... சத்தியமா நான் இல்லக்கா! டீ குடிக்கப் போறப்ப பையை அங்கேயேதான் போட்டுட்டுப் போவேன். சாவியை யார் வேணா எடுத்திருக்கலாம்க்கா!"

மூணு வயசில் அம்மா இல்லாமல் அவள் இடுப்பில் ஏறியவன். அவனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கணவர் இருக்கிறார். சரி. ஆனால் தம்பி தம்பிதான்!

"சார், பொணத்தோட பின்மண்டையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அடிபட்டிருக்கு."

"முடியில வெள்ளையா ஒட்டியிருந்துச்சே... அது சுவத்துக்குப் பூசற பட்டி. ஈரமா இருக்கிறப்ப பட்டாத்தான் முடியோட சேர்ந்து அப்படி இறுகும்."

"கட்டடம் பூரா பட்டிதாம்மா. என் மீசையில கூட இருக்கு."

"லிஃப்ட் குழியில இல்லையே சார்! அது வெறும் கான்கிரீட்டு. பெயிண்ட் கிடையாது, பட்டி கிடையாது."

இன்ஸ்பெக்டர் மீசையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்போ?"

"ஏதோ ஒரு அறையில, ஈரச் சுவத்துல மண்டை மோதியிருக்கு. அங்கேயே உயிர் போயிருக்கு. அப்புறம்தான் குழியில தள்ளியிருக்காங்க. சுவத்துல பள்ளம் விழுந்திருக்கும், ரத்தம் பட்டிருக்கும். அதைப் பூசி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான். என் தம்பிக்குப் பட்டி பிளேடை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது சார்!"

"எந்த அறை?"

"அதுதான் தெரியல... நல்ல வேலைக்காரன் பூசின இடத்தை நானே கண்டுபிடிக்க முடியாது."

"அப்புறம் என்னத்த..." இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். "நாலு மணிக்கு உன் தம்பியைக் கோர்ட்ல நிறுத்தணும். அதுக்குள்ள சுவர் பேசினா சொல்லு."

"சுவர் பேசாது சார். ஆளைப் பேச வைக்கலாம்."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இங்கே மேஸ்திரிகளுக்கு ஒரு பழக்கம். சுவரைச் சரிசெய்ததும் கை தானாகப் பைக்குப் போகும். பச்சை ஸ்டிக்கரை ஒட்டும். நாலு மாசமாக, ஒரு நாளைக்கு அம்பது தடவை செய்கிற வேலை. கதவைப் பூட்டினோமா என்று வீட்டை விட்டு வந்த பிறகு யோசிக்கிறோமே, அந்த மாதிரி. ஒட்டினோமா இல்லையா என்று அவர்களுக்கே நினைவிருக்காது!

"நான் சிவப்பு ஒட்டாத ஒரு இடத்துல பச்சை ஒட்டியிருக்கு, மூணு மணிக்கு இன்ஸ்பெக்டருக்குக் காட்டப் போறேன்னு சொல்லிடறேன் சார். எந்த அறைன்னு சொல்ல மாட்டேன். செஞ்சவனுக்கு மட்டும்தான் அது தெரியும். 'ஐயையோ, ஒட்டித் தொலைச்சுட்டோமோ'ன்னு பதறிப் போய்ப் பார்ப்பான்."

"நூத்தி நாப்பது அறைக்கும் நான் போலீஸ் போட முடியாதும்மா."

"வேண்டாம். நேத்து வரைக்கும் கதவெல்லாம் திறந்து கிடந்துச்சு. நீங்க வந்து பூட்டச் சொன்னதாலதான் இன்னிக்குக் கார்டு பூட்டையே ஓட விட்டிருக்கோம். மேஸ்திரிக்கு ஒரு கார்டு. எந்த அறையைத் திறந்தாலும் ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல அறை நம்பரும் ஆள் பேரும் விழும்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. ஆனா ஒண்ணு. இது பொய்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. உன் புருஷனுக்குக்கூட!"

---

டீ நேரம்.

பெயிண்ட் மேஸ்திரி காதில் விழும்படி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எவனோ நான் காட்டாத குறையைச் சரி பண்ணிப் பச்சை ஒட்டியிருக்கான் மேஸ்திரி! மூணு மணிக்கு இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன்."

பெயிண்ட் மேஸ்திரியின் டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எந்த... எந்த ரூம்க்கா?"

"மூணு மணிக்குத் தெரியும்."

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்!

இவனா? கலர் தப்பாகக் கலந்ததற்குப் போன வாரம் இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஆயிற்றே...

சாப்பாட்டு நேரத்தில் கணவர் தேடி வந்தார். அதே ஹோட்டலில் சீலிங் மேஸ்திரி அவர். கூரைக்குக் கீழே பலகை அடித்து, விளக்குக்கு ஓட்டை போட்டு, மட்டம் பார்த்துக் கொடுக்கும் வேலை.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

"எப்படிங்க இறங்கும்? அவனை ஜீப்ல ஏத்தினது கண்ணுக்குள்ளயே நிக்குது."

"நான் இருக்கேன்ல. நல்ல வக்கீலா பார்ப்போம்." அவள் தோளில் கை வைத்தார். "ஏதோ பச்சை ஸ்டிக்கர்னு பேசிக்கிறாங்களே... நிஜமா?"

இன்ஸ்பெக்டரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பதினாறு வருஷத்தில் அவரிடம் சொல்லும் முதல் பொய்!

"ஆமாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"நல்லதாப் போச்சு. சாமி கண்ணைத் திறந்துட்டார். ஒரு வாய் சாப்பிடும்மா."

பாவம் மனுஷன், இவரிடம்கூட மறைக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

---

இரண்டு மணி பத்து நிமிஷம்.

பிளாஸ்டிக் சுற்றிய ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். கம்ப்யூட்டர் திரை காலியாக இருந்தது.

"யாரும் வரலைன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வருவான் சார்."

இரண்டு இருபது... இரண்டு இருபத்தைந்து...

டிங்!

அறை 614. கார்டு: பெயிண்ட் மேஸ்திரி.

"சொன்னேன்ல சார்! என் தம்பி இல்ல... என் தம்பி இல்ல!"

ஓடினாள். லிஃப்ட்டைப் போலீஸ் நிறுத்தி வைத்திருந்தது. படிதான். ஆறு மாடி! மூன்றாவது மாடியிலேயே இன்ஸ்பெக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ... நீ போம்மா... நான்... வந்துட்டே இருக்கேன்..."

ஆறாவது மாடி. புதுக் கார்ப்பெட் காலடிச் சத்தத்தை விழுங்கியது. 614 கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"எங்க ஒட்டினேன்... காணோமே... எங்க ஒட்டித் தொலைச்சேன்..."

தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

பாத்ரூம் கதவை ஒட்டிய சுவர் முன்னால் ஒருவன் மண்டி போட்டிருந்தான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பட்டி பிளேடு.

திரும்பினான்.

அவள் கணவன்!

"நீங்களா..."

அவன் ஒரு நிமிஷம் ஆடித்தான் போனான். பிறகு மெல்ல எழுந்தான்.

"நீ பார்த்த ஸ்டிக்கர் எங்கே?"

"ஒட்டலைங்க. நீங்க எதுவுமே ஒட்டல."

அவனுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. நிதானமாக நடந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"கட்டின புருஷனுக்கே வலையா?"

"பெயிண்ட் மேஸ்திரிக்குன்னு நினைச்சேன். அவர் கார்டு எப்படி உங்ககிட்ட?"

"சட்டையை ஆணியில மாட்டிட்டு வேலை செய்யிற ஆளு. கம்ப்யூட்டர்ல பேர் விழும்னு எனக்குத் தெரியாதா?"

"இன்ஜினியரை எதுக்குங்க..."

டார்ச்சை மேலே அடித்தான். கூரையில் பளபளவென்று ஒரு சின்ன மூக்கு. தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்ச வேண்டிய மூக்கு.

"மூணு மாடிக்குத் தண்ணி பைப் வரல. திறப்பு விழாவைத் தள்ள மாட்டேன்னுட்டாங்க. சும்மா மூக்கை மட்டும் பசை போட்டு ஒட்டிட்டேன். நேத்து அந்தாளு ஸ்டூல் போட்டு ஏறிப் பிடிச்சு இழுத்தான். கையோட வந்துடுச்சு! 'போலீஸுக்குப் போறேன்'னான். தள்ளினேன். அவ்வளவுதான்... ஒரே தள்ளு."

"மூணு மாடி... ராத்திரி தூங்குற ஜனங்க... தீப்பிடிச்சா?"

"பிடிச்சாத்தானே!"

"அது சரி... என் தம்பி என்னங்க பாவம் பண்ணினான்?"

"அவனுக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா? பத்து வருஷம் உள்ள இருந்துட்டு வரட்டும்." பிளேடைத் திருப்பிப் பிடித்தான். "நாமதாம்மா குடும்பம். கீழே இருந்து அண்ணாந்து பார்த்து எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவ நீ. நான் மாட்டினா நீயும்தான் மாட்டுவே. சொல்லு... புருஷனா? தம்பியா?"

நேற்று ராத்திரி இதே கை இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது. எதிரில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் குழம்பை ஊற்றியதும் இதே கைதான். அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

"தம்பி!" என்றாள்.

பாய்ந்தான். பிளேடு அவள் தோளை உரசிக்கொண்டு போனது. கத்தினாள்.

"கத்து! பூட்டின கதவு... கார்டு என்கிட்ட. உன் இன்ஸ்பெக்டர் வந்து வெளியே நின்னு தட்டட்டும்!"

தட்டவில்லை.

கதவு சும்மா திறந்துகொண்டது! துப்பாக்கியும் மூச்சிரைப்புமாக இன்ஸ்பெக்டர்.

"கையைத் தூக்குடா!"

கணவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாய் பிளந்தது.

"இந்த ரூம் பூட்டு நாக்கு உள்ள விழாதுங்க," என்றாள் தோளைப் பொத்திக்கொண்டு. "நாலு நாளாச்சு எழுதி வெச்சு. வழக்கம்போல ஒருத்தனும் சரி பண்ணல."

---

விலங்கு மாட்டியாயிற்று. ஸ்டேஷனுக்குப் போனும் போட்டார் இன்ஸ்பெக்டர். "அந்த லிஃப்ட்காரப் பையனை விட்டுடுய்யா. சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்பு."

அதைக் கேட்ட பிறகுதான் ஸ்டிக்கர் அக்கா கட்டிலின் பிளாஸ்டிக் உறை மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தம்பி பிழைத்ததற்குப் பாதி, பதினாறு வருஷம் போனதற்குப் பாதி.

"மேலே இருக்கிற அந்தப் பொய் மூக்கைப் பத்தியும் சொல்லிடறேன் சார். கையெழுத்து என்னோடதுதான். கூப்பிடுற இடத்துக்கு வரேன். அந்த மூணு மாடியையும் ஒருத்தரும் திறக்கக் கூடாது."

"அது நான் பார்த்துக்கறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா. மயிரிழை வெடிப்பைக்கூட விடாத கண்ணு உனக்கு. பதினாறு வருஷம் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணியிருக்கே... இந்த ஆளை எப்படி விட்டே?"

வாசலில் தலைகுனிந்து நின்றவனை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நான் இந்த வேலையில சேர்ந்தப்போ அவர் போட்ட ஒரே கண்டிஷன் சார்... 'வீட்டுக்கு வந்தா குறை கண்டுபிடிக்கக் கூடாது'ன்னு!"