இறக்கத்தில் மட்டும் கொதிக்கும் வண்டி

எவேலியோவின் பட்டறை வாசலில் அந்த ஷெவர்லே வந்து நின்றபோது மத்தியானம் ஒன்றரை மணி. காலையிலேயே கரண்ட் போயிருந்தது. சந்தியாகோ என்ற அந்தத் தீவு நகரத்தின் ஆகஸ்ட் வெயிலில் தெருநாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. வண்டியின் மூக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்ப, எதிர்ப்பக்கத்து நிழலில் தோமினோ ஆடிக்கொண்டிருந்த வில்பர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"யோவ் எவேலியோ! காபி கொதிச்சிருச்சு, இறக்கி வை! எனக்குச் சர்க்கரை தூக்கலா!"

எவேலியோவும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தான். வண்டி வானநீலம். அந்த நிறத்தில் ஊருக்குள் நாற்பது வண்டி ஓடும். ஆனால் ஸ்டீயரிங் வளையத்தின் வெடிப்பில் சுற்றியிருந்த சிவப்புக் கம்பி அவன் கையால் சுற்றியது. போன வருஷம் இந்த வண்டி பச்சை நிறத்தில் இருந்தது. துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில், மூன்றாவது வளைவுச் சுவரில் மோதி, அவன் நண்பன், டாக்சிக்காரன் ரதமேஸைக் கொன்றது இதே வண்டிதான். நசுங்கியதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். காயலாங்கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

ஓட்டி வந்தவள் நெரெய்தா, ரதமேஸின் மனைவி. அவர்கள் மகளுக்கு எவேலியோ ஞானத்தகப்பன், அந்த உறவில் இருவரும் அவனைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கொம்பாத்ரே, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? பதினோரு மாசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. உங்க ஞானமகளுக்குச் சர்ச்சுல புதுநன்மை குடுத்தாங்க. ஞானத்தகப்பன் எங்கனு ஃபாதர் கேட்டாரு. செத்துட்டாருன்னு சொல்லிரலாமானு பாத்தேன்."

"வேலை... வேலை அதிகம், நெரெய்தா."

"ஆமா, தெரியுது." பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே அவனுடைய மாஸ்க்விச் ஒன்றைத் தவிர வேறு வண்டியே இல்லை. பெட்ரோல் கிடைக்காமல் மூன்று வாரமாக அதுவும் சும்மாதான் நின்றது. பாட்டரியைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தான்.

அவள்தான் இப்போது டாக்சி ஓட்டுகிறாளாம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வண்டியை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மெக்கானிக் பார்த்தும் சூடு அடங்கவில்லை. பாதி வழியில் ஆவி வந்ததும் சவாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள். இது ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

"மேட்டுல ஏறும்போது சூடாகுதா?"

"இல்ல. அங்கதான் விசேஷம். மேட்டுல ஜம்முனு ஏறுது. இறக்கத்துலதான் கொதிக்குது. துறைமுக இறக்கத்துல மட்டும். சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவனால் சிரிக்க முடியவில்லை. இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை? வண்டி தானாக உருளும், எஞ்சின் மூச்சு வாங்கி ஆறும். முப்பது வருஷத் தொழிலில் இறக்கத்தில் கொதித்த எஞ்சினை அவன் பார்த்ததில்லை.

ஆறட்டும் என்று அரைமணி காத்திருந்து, சாக்குத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். தண்ணீர் சுத்தமாக இருந்தது, துருவில்லை. தெர்மோஸ்டாட்டை இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல என்றைக்கோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டுத் திருப்புளியைத் தண்ணீர்ப் பம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். ஒழுங்கான சத்தம். ரேடியேட்டர் முழுக்க உள்ளங்கையை வைத்துத் தடவினான், அடைப்பிருந்தால் அந்த இடம் சில்லென்று தெரியும். அப்படி எதுவும் இல்லை. தண்ணீரில் குமிழி இல்லை, ஆக ஹெட் கேஸ்கெட்டும் சரி. விசிறி பெல்ட், டைமிங் எல்லாம் பிரமாதம். ஒரு குறையாவது கிடைக்காதா என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. கிடைத்தால் சரிசெய்து இவளை உடனே அனுப்பிவிடலாம்.

"ஓட்டிப் பாத்துரலாம்," என்றாள் நெரெய்தா.

வேறு வழியில்லாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். எதிரே கோப்ரே மாதாவின் சின்னப் படமும், வாடிய சூரியகாந்தி ஒன்றும் இருந்தன.

முதல் வளைவு வரை சூடு காட்டும் முள் அசையவில்லை. இரண்டாவது வளைவைத் தாண்டியதும் வண்டி கனத்தது. இறக்கத்திலேயே நெரெய்தா ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

"எதுக்கு மிதிக்கிற?"

"மிதிக்கலன்னா நின்னுரும், கொம்பாத்ரே. தினமும் இப்படித்தான்."

முள் ஏறியது. கருகல் நாற்றம் வந்தது. அதோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது.

கற்றாழை ஷாம்பு.

மூன்றாவது வளைவில், காரை பெயர்ந்த சுவருக்கு எதிரே வண்டி தானாக நின்றது. நெரெய்தா எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர்க் கேனோடு இறங்கினாள். அவனும் இறங்கிக் குனிந்து நாலு சக்கரத்தையும் தொட்டான். நாலும் சுட்டன. பிரேக் பிடித்தபடியே இருக்கிறது! அதை இழுத்து இழுத்துத்தான் எஞ்சின் கொதிக்கிறது. அப்பாடா, பேயுமில்லை ஒன்றுமில்லை என்று அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவள் சீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்று நினைத்து, குனிந்தபடியே கத்தினான்.

"கண்டுபிடிச்சுட்டேன்! பிரேக்தான்! காலை எடுத்துரு, பாக்கறேன்!"

"நான் எங்க கால் வெச்சேன்? இங்கல்ல நிக்கிறேன்." சுவரோரத்திலிருந்து பதில் வந்தது.

வண்டியின் பின்னால் இரண்டு சிவப்புப் பிரேக் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

அவன் மெல்லப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். சீட் காலியாக இருந்தது. பிரேக் மிதி இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது. அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தான். கல்லைப்போல அசையவில்லை.

அப்புறம் அசைந்தது.

மேலே வந்தது. மறுபடி அழுந்தியது.

மறுபடி. மறுபடி.

வேகமாக, பதறிப்போய், பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பவன் மிதிப்பதுபோல.

எவேலியோ கையை உதறிக்கொண்டு தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டான்.

போன வருஷம் தீவு முழுக்க பிரேக் ஆயில் கிடையாது. ஷாம்புவையும் ஸ்பிரிட்டையும் கலந்து ஊற்றி எல்லோரும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ரதமேஸுக்கு மட்டும் மயாமியிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் அசல் ஆயில் ஒரு டின் அனுப்பியிருந்தான். "நீயே ஊத்திரு கொம்பாத்ரே" என்று டின்னைக் கொடுத்துவிட்டு அவன் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனான். எவேலியோ அதைத் தன் மாஸ்க்விச்சுக்கு ஊற்றிக்கொண்டு, ஷெவர்லேயில் கற்றாழை ஷாம்புக் கலவையை நிரப்பினான். சமதளத்தில்தானே ஓட்டுகிறான், அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். நாலாம் நாள் ரதமேஸ் துறைமுகச் சவாரிக்குப் போனான். இறக்கத்துச் சூட்டில் பிரேக் குழாய்க்குள் ஷாம்பு கொதித்து ஆவியாகியிருக்கும். மிதி வெறுமனே தரையைத் தொட்டிருக்கும்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "காலைல பாத்தப்போ ரம் வாசனை அடிச்சுது" என்று இவன்தான் சொன்னான்.

மகள் பிறந்த அன்றிலிருந்து ரதமேஸ் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

நெரெய்தா தண்ணீர்க் கேனோடு வந்து நின்றாள். "பிரேக்னா சரி பண்ணிரலாம்ல? முன்னாடி பாத்தவனும் அதைத்தான் சொன்னான். நல்லா லூஸ் பண்ணி விட்டுட்டா இழுக்காதுன்னான். நீங்களே பண்ணி விட்டுருங்களேன்."

லூஸ் பண்ணிவிட்டு, இதே இறக்கத்தில், இவளையும்.

"வேணாம்! தொடாத!" என்று கத்தியே விட்டான். அவள் திகைத்துப் பார்த்தாள். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. டின்னைச் சொன்னான், ஷாம்புவைச் சொன்னான். ரம் பொய்யென்றும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கேனைத் தரையில் வைத்தாள்.

"பெட்டிய மூடறப்போ முத்தம் குடுன்னு அவங்கம்மா கெஞ்சினாங்க," என்றாள் கடைசியில். "நான் மாட்டேன்னுட்டேன். சத்தியத்தை மீறிக் குடிச்சுட்டுச் செத்தவனுக்கு என்ன முத்தம்னு கேட்டேன். பிள்ளையையும் குடுக்க விடல. நீ பக்கத்துலதான நின்ன? பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

பழகிய பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

"நெரெய்தா, என்னை..."

"எந்திரி. வழியை விடு."

அப்போது வண்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். மிதி மேலே வந்துவிட்டிருந்தது. பின்விளக்குகள் அணைந்தன. நெரெய்தா அதைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகினாள். சீட்டில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிதியைக் குனிந்து ஒருமுறை கையால் தொட்டாள். பிறகு கிளம்பினாள். ஆவியில்லாமல், கருகலில்லாமல், வண்டி வளைவு வளைவாக இறங்கித் துறைமுகத்துப் பக்கம் மறைந்தது.

எவேலியோ நடந்தே மேலே ஏறினான். கால் கனத்தது, நெஞ்சு மட்டும் கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. நாளைக்குப் போலீஸிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும், ஞானமகளிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தான். தெருமுனை திரும்பும்போது மணி ஐந்து இருக்கும். கரண்ட் இன்னும் வரவில்லை. பட்டறைக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலுக்கு வரும்போதே கற்றாழை வாசனை அடித்தது.

தோமினோக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் எவேலியோ," என்றான் வில்பர். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. "உன் மாஸ்க்விச்சுல யாருய்யா உக்காந்து பிரேக்கை மிதிக்கிறது? ஒரு மணி நேரமா பின்னாடி சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது."

எவேலியோ அலமாரியைப் பார்த்தான். கழற்றி வைத்த பாட்டரி வைத்த இடத்திலேயே இருந்தது.